அட்டலில் ஓடும் வயர்

பொகவந்தலாவை, மஸ்கெலியா, டிக்கோயா, லிந்துலை என்று ஊரின் பெயர் மட்டும்தான் மாறுகிறது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயம் எரிந்தது, இத்தனை குடும்பங்கள் பாடசாலையில் தங்கவைக்கப்பட்டுள்ளன, மின் ஒழுக்கே காரணம் எனச் சந்தேகிக்கப்படுகிறது. செய்தி அத்துடன் முடிந்துவிடும். எந்த வயர், எந்த இடத்தில், எத்தனை அம்பியரைச் சுமந்தபோது சூடேறியது என்று யாரும் கேட்பதில்லை. ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வயரிங் வேலை செய்து பிழைக்கும் எனக்கு முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

வயருக்குத் தீச்சோதனை உண்டு. சாதாரண பி.வி.சி. வயருக்கான அடிப்படைச் சர்வதேசச் சோதனையின் பெயர் ஐ.இ.சி. 60332-1. 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரே ஒரு துண்டைச் செங்குத்தாகக் கட்டி, ஒரு கிலோவாற் சுடரைச் சாய்வாகப் பிடிப்பார்கள். வீட்டு வயர் போன்ற மெல்லியதற்கு ஒரு நிமிடம். சுடரை எடுத்தபின் தீ தானாக அணைய வேண்டும். மேலே கட்டிய இடத்துக்கு 50 மில்லிமீற்றர் கீழேயே கருகல் நின்றுவிட வேண்டும். நின்றால் தேறிவிட்டது.

ஆனால் தனியாக நின்றபோது அணைந்த வயர், பத்துப் பதினைந்து ஒன்றாகக் கிடக்கும்போது அணையும் என்று சொல்ல முடியாது. கத்தை வயருக்கென்று 60332-3 என்ற வேறு சோதனை இருக்கிறது. அதில் மூன்றரை மீற்றர் ஏணியில் வயர்களை அடுக்கி, 20.5 கிலோவாற் தீயை 20 அல்லது 40 நிமிடம் கொடுப்பார்கள். பிரித்தானியத் தரம் பி.எஸ். 6387 இன்னும் கடுமையானது. அதன் ‘சி’ பிரிவில் தேற, 950 செல்சியஸ் சுடரில் மூன்று மணித்தியாலம் வயர் அறுந்து போகாமல் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். கொழும்பில் மாடிக் கட்டட வேலைத்தளங்களில் அவ்வகை வயரை இழுத்திருக்கிறேன். தீ எச்சரிக்கை மணிக்கும் அவசர விளக்குக்கும் அதுதான் போகும்.

புகைக்கும் சோதனை உண்டு, ஐ.இ.சி. 61034. மூடிய அறைக்குள் வயரை எரித்து, அந்தப் புகையை ஊடறுத்து எவ்வளவு ஒளி போகிறது என்று அளப்பார்கள். அந்த அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று மீற்றர், அதாவது பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறைக்கு, அதாவது காம்பராவுக்கு, அது ஏறக்குறைய சமம். குறைந்த புகை வயர் தேற, நூற்றுக்கு அறுபது பங்கு ஒளியாவது அதில் மிஞ்ச வேண்டும். நம் காம்பராக்களில் ஓடுவது சாதாரண பி.வி.சி. அது எரியும்போது கரும்புகையோடு ஹைட்ரஜன் குளோரைட்டும் கிளம்பும். ஈரம் பட்டால் அது அமிலம். தூங்கும் பிள்ளையின் தொண்டையில் ஈரம் இருக்கிறது.

லயம் முழுவதற்கும் விலை கூடிய வயரைப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இலங்கைத் தரத்துக்கான எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ள சாதாரண வயரே, சரியான தடிப்பில், குழாய்க்குள் போய், சரியான பிரேக்கரோடு இருந்தால் பெரும்பாலான தீ பிறக்காது.

இப்போது அது எப்படி இருக்கிறதென்று, கூரைக்குக் கீழே பரணாக இருக்கும் அட்டலில் ஏறிப் பாருங்கள். விறகு, பழைய சாக்கு, தலைமுறைக் கணக்கில் படிந்த அடுப்புக் கரி. அவற்றுக்கு நடுவே, எலி கடித்த தோலோடு, டேப் சுற்றிய மூட்டுகளோடு வயர் போகிறது. முதலில் இரண்டு மின்குமிழுக்காக இழுத்த 1/1.13 வயர் அது. மறைவாகப் போகும் இடத்தில் பத்துப் பதினொரு அம்பியருக்கு மேல் அதை நம்பக் கூடாது. மகன் திருமணம் முடித்து முன் விறாந்தையான இஸ்தோப்பை அடைத்துக் குடியேறியதும், அதே வயரிலிருந்துதான் அவனுக்கும் இணைப்பு. காலையில் இங்கே 2,000 வாற் கேத்தல், 700 வாற் ரைஸ் குக்கர், அங்கே பள்ளிக்கூட உடுப்புக்கு 1,000 வாற் அயன். மொத்தம் 16 அம்பியர். மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் வெப்பம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். பி.வி.சி. தோல் தாங்குவது 70 செல்சியஸ். தினமும் அதைத் தாண்டினால் தோல் காய்ந்து வெடிக்கும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைக் கட்டிவிட்டால், தடுக்க ஒன்றுமே இல்லை. பல லயங்களில் நடுச்சுவர் கூரைவரை போவதும் இல்லை. ஒரு காம்பராவில் பிடித்த தீ தகரத்துக்குக் கீழேயே கடைசிக் காம்பராவரை ஓடிவிடும்.

‘ட்ரிப் சுவிட்ச் இருக்கே அண்ணே’ என்பார்கள். இருப்பது மிக நல்லது, அது உயிரைக் காக்கும். ஆனால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது நிலத்துக்குக் கசியும் மின்சாரத்தை மட்டுமே. அளவுக்கு மேல் சுமை ஏறினாலும், தளர்ந்த மூட்டு சிவக்கச் சூடானாலும் அதற்குத் தெரியாது. சுமையைப் பார்க்க, வயரின் தடிப்புக்கு ஏற்ற எம்.சி.பி. பிரேக்கர் தனியாக வேண்டும். தளர்ந்த மூட்டை மனிதன்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த மனிதனை அனுப்புவது யார்? மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் வேலை மீற்றரோடு முடிகிறது. லயமோ தோட்டத்துச் சொத்து. குடியிருப்பவர் பெயரில் ஓர் உறுதியும் இல்லாத கட்டடத்தில், நாட்கூலியை எண்ணி வாழ்பவர் வயரிங்கை முழுதாக மாற்றட்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குப் போன அதே ஆண்டில்தான், குடியிருப்பு நலனுக்கென்று, பிற்காலத்தில் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் மாறிய அமைப்பு உருவானது. லயத்தின் கூரைக்குப் பொறுப்பானவர்கள் கூரைக்குக் கீழே ஓடும் வயருக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் இன்னும் பத்தாயிரம் வீடுகள் என்று அறிவித்தார். தனி வீடு வரட்டும், எல்லோருக்கும் வரட்டும். அதுவரை லயத்தில் தூங்குகிறவர்களுக்கு நான் கேட்பது இதுதான். தகுதிச் சான்றுள்ள மின்வினைஞர் ஒவ்வொரு காம்பராவுக்கும் போய், 500 வோல்ற் மெகர் வைத்து வயரின் காப்பை அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் வயரைக் கழற்றிவிட வேண்டும். அட்டலில் போகும் வயரைக் குழாய்க்குள் போட்டு, காம்பராவுக்கு ஒரு பிரேக்கர் பொருத்த வேண்டும். அளந்த கணக்கைத் திகதியோடு எழுதி ஒரு பிரதியைத் தோட்டக் காரியாலயத்திலும் மற்றதை அந்தக் குடும்பத்திடமும் கொடுக்க வேண்டும். மறுபடி ஒரு லயம் எரிந்தால், விசாரணைக்கு வருபவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கடுதாசியைத்தான்.