ஒரு கட்டுக் கீரைக்கு ரெண்டு டன் வண்டி

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மதுராந்தகம் பக்கத்திலிருந்து நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து சென்னை கொட்டிவாக்கத்துக்குச் சரக்கு கொண்டுபோகிறோம். கீரை, காய்கறி, மாப்பிள்ளைச் சம்பா அரிசி, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய். விடியற்காலை மூணு மணிக்குக் கிளம்பினால்தான் ஆறரைக்குள் கடை விரிக்க முடியும். எங்கள் வண்டி குட்டியானை. முக்கால் டன் சுமக்கும், நீளம் நாலு மீட்டர்கூட இல்லை. நாலு குடும்பத்தின் இரண்டு வார உழைப்பு அதில் அடங்கிவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் தெருக்கள் பலவும் குறுகல். ஏழு மணிக்கு வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கினால் தெரு அடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் ஆள் உயர வண்டி. ஒன்று உள்ளே வந்தால் எதிரே வருவது பின்னால் போக வேண்டும். பால்காரர் சைக்கிளோடு ஓரமாக நிற்பார். அதற்குள் ஆரன் சத்தம். வண்டிக்குள் பெரும்பாலும் ஒரே ஒருவர். இறங்குவார், ஒரு கட்டு அரைக்கீரை, அரை கிலோ கத்தரிக்காய், ஒரு தேங்காய். "பிளாஸ்டிக் கவர் வேணாம் அண்ணா, துணிப்பை கொண்டாந்திருக்கேன்" என்பார். பையை முன் சீட்டில் வைத்துவிட்டு ரெண்டு டன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவார். வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கும்.

எங்களோடு வரும் தம்பி சிரிப்பான். "அண்ணே, கீரையவிட அது வந்து போன டீசல் விலை ஜாஸ்திண்ணே." நானும் பல மாதம் சேர்ந்து சிரித்தவன்தான். ஆனால் நஞ்சில்லாத காயை, பேரம் பேசாமல், பூச்சி அரித்த இலையைப் பார்த்து முகம் சுளிக்காமல் வாங்கிப் போகிறவர்களும் இவர்கள்தான். இயற்கையைப் பற்றி அக்கறை இல்லாதவர்கள் என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. அப்படியானால் எதற்கு இவ்வளவு பெரிய வண்டி?

கேட்டதற்குக் கிடைத்த பதில்

நெடுநாள் பழக்கமான ஓர் அம்மாவிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கூடையோரம் நின்று கணக்குச் சொன்னார்.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல எங்க சின்ன கார் முழுகிப்போச்சு அண்ணா. ரெண்டாவதா வாங்கினதும் மிக்ஜாம் புயல்ல இஞ்சினுக்குள்ள தண்ணி. இது உசரமா இருக்கு, அதான் வாங்கினோம். அதுவும் இல்லாம ரோட்டுல எல்லாரும் பெரிய வண்டிதான் வச்சிருக்காங்க. சின்னதுல போனா மதிக்க மாட்டேங்கறான், உரசிக்கிட்டே வர்றான். இடிச்சா நம்ம வண்டி அப்பளம்."

தேவை என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. ஏழு பேர் போக வேண்டும், மூட்டை ஏற்ற வேண்டும், மலை ஏற வேண்டும் என்ற பேச்சே இல்லை. வீட்டில் இருப்பது மூணு பேர். அவர் சொன்னதில் இருந்தது பயமும் மரியாதையும்தான்.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. 2024-25இல் இந்தியாவில் விற்ற பயணிகள் வண்டிகள் சுமார் 43 லட்சம். அதில் ஏறத்தாழ 28 லட்சம், அதாவது நூற்றுக்கு 65, இந்த உயர வகை வண்டிகள். 1983இல் மாருதி 800 வந்தபோது அதன் எடை முக்கால் டன்னுக்கும் குறைவு. ஒரு குடும்பமே அதில் அடங்கி ஊருக்குப் போய் வந்தது. குடும்பம் சுருங்கிவிட்டது, வண்டி வீங்கிவிட்டது.

போர் போட்ட கதைதான் இதுவும்

அந்த அம்மாவின் பேச்சு உழவர் யாருக்கும் புதிதாக இருக்காது. நாம் போர்வெல் போட்ட கதை அப்படியே அதுதான்.

நான் முதலில் 180 அடி போட்டேன், தண்ணீர் நன்றாக வந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் 300 போட்டார், என்னுடையது குறைந்தது. நான் 420 போனேன். அவர் 600 போனார். அவர் கெட்டவர் இல்லை, நானும் இல்லை. இரண்டு பேருக்கும் பயிர் காயக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து கடனாளி ஆனதுதான் மிச்சம். நிலத்தடி நீர் யாருக்கும் கூடவில்லை.

சாலையிலும் அதேதான். ஒருவர் உயரத்தில் உட்கார்ந்தால் பின்னால் வரும் சின்ன காருக்கு முன்னால் இருக்கும் சாலை தெரியாது. அவரும் அடுத்த முறை உயரமாக வாங்குவார். ஒருவரின் பாதுகாப்பு அடுத்தவருக்கு ஆபத்தாகிறது. இரண்டு பேரும் பெரிதாக வாங்கிய பிறகு இருவருக்கும் பழைய நிலைமைதான். ஆனால் நடந்து போகிறவரும் சைக்கிளில் போகிறவரும் இந்தப் போட்டியில் எங்கே போய்ப் பெரிதாவது? அமெரிக்காவில் 2023இல் வெளியான ஓர் ஆய்வு, முன்முகம் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால் நடந்து போகிறவர் சாகும் வாய்ப்பு, தாழ்வான சரிந்த முகமுள்ள வண்டியைவிட 45 விழுக்காடு அதிகம் என்று சொன்னது. சின்ன கார் காலில் அடிக்கிறது, பெரிய வண்டி நெஞ்சில் அடிக்கிறது.

தண்ணீரைத் தடுத்துவிட்டு வண்டியை உயர்த்துவது

வெள்ள பயம் பொய்யில்லை. நாங்கள் சரக்கோடு வரும் வழியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வருகிறது. ஒரு காலத்தில் சுமார் 5000 ஹெக்டேர் பரந்து கிடந்தது. தென்சென்னையின் மழைநீரை வாங்கி வைத்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கடலுக்கும் அனுப்பியது அதுதான். அதன் மேல் குப்பைக்கிடங்கு, கட்டடங்கள், சாலைகள் ஏறின. இன்றைக்கு மிஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பகுதி. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது நல்ல செய்தி, ஆனால் இழந்தது இழந்ததுதான்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். படத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏரி நிரம்பினால் மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டுவோமே, அது மாதிரி இருந்தது. மேம்பாலத்தில் இடம் கிடைக்காதவர் அடுத்த வருஷம் உயரமான வண்டி வாங்குவார். தண்ணீர் போகும் வழியைத் திறந்துவிடுவது தனி ஒருவரால் ஆகாது, வண்டியை உயர்த்துவது ஆகும். பொதுவில் தீர்க்க வேண்டியதைத் தீர்க்காமல் விட்டால் ஆளாளுக்குத் தன் கைக்காசில் தீர்க்கப் பார்ப்பார்கள். அந்த இடத்தில்தான் கம்பெனிக்காரன் கடை விரிக்கிறான்.

மரியாதையின் விலை

பயம் பாதி என்றால் மரியாதை மீதி. 2009இல் லட்ச ரூபாய் கார் என்று டாடா நானோ வந்தது. ஸ்கூட்டரில் நாலு பேராகப் போகும் குடும்பத்துக்காகச் செய்தது. தேவையை மட்டும் பார்த்து மக்கள் வாங்குவார்கள் என்றால் தெருவுக்கு நாலு நானோ நின்றிருக்க வேண்டும். 2018 ஜூன் மாதம் ஆலையில் உருவானது ஒரே ஒரு நானோ. மலிவான கார் என்று விளம்பரப்படுத்தியது தவறாகப் போனதென்று ரத்தன் டாடாவே பிறகு சொன்னார். மலிவான காரில் போய் இறங்க யாருக்கும் மனசில்லை.

அந்தச் சின்ன காருக்காக மேற்கு வங்கம் சிங்கூரில் எடுத்த 997 ஏக்கர் யாருடையது? உழவர்களுடையது. போராடி ஆலையை வெளியேற்றினார்கள். நிலத்தைத் திருப்பிக் கொடு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2016 ஆனது.

அமெரிக்காவிலும் இந்தப் பெரிய வண்டி நம் பெயரைச் சொல்லித்தான் வளர்ந்தது. 1975இல் அங்கே எரிபொருள் சிக்கனச் சட்டம் போட்டபோது, சுமை ஏற்றும் சிறு லாரி வகைகளுக்குக் கட்டுப்பாடு தளர்வாக இருந்தது. அவை உழவருக்கும் தொழில் செய்பவருக்கும் வேண்டியவை என்பது காரணம். கார் கம்பெனிகள் அந்த லாரியின் அடிச்சட்டத்தின் மேல் சொகுசு சீட் போட்டு நகரத்துக்காரருக்கு விற்றன. உழவனுக்குத் திறந்த கதவு வழியாக உள்ளே போனது வேறு ஆள்.

இங்கேயும் சட்டம் வண்டியின் உருவத்தைச் செதுக்கியிருக்கிறது. நாலு மீட்டருக்குள் நீளம், சின்ன இஞ்சின் என்றால் வரி குறைவு. உடனே நீளத்தை நறுக்கி உயரத்தைக் கூட்டிய வண்டிகள் வந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய காருக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, பெரியதற்கு 40. கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அதற்கு முன் மிகப் பெரிய வண்டிகளுக்கு மேல்வரியும் சேர்த்து 50 விழுக்காடு இருந்தது. குறைந்தது சிறியதற்கு மட்டும் இல்லை.

வண்டி பெருத்தால் சாலை பெருக்க வேண்டும். 70 மீட்டர் அகலச் சாலை ஒரு கிலோமீட்டர் போனால் 7 ஹெக்டேர் நிலம் போகும், 17 ஏக்கருக்கு மேல். சேலம் – சென்னை எட்டு வழிச்சாலைக்கு 2018இல் கல் நட்டபோது வயலில் விழுந்து அழுத பெண்களை நாம் மறக்கவில்லை. 277 கிலோமீட்டர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் பெருமளவு மாற்றியது. கொட்டிவாக்கத்தில் நிற்கும் வண்டிக்கும் திருவண்ணாமலை மாவட்டத்து மானாவாரிக் காட்டுக்கும் தூரம் அதிகமில்லை.

நம் வீட்டுக் கொட்டகையில் நிற்பது

இதையெல்லாம் எழுதிவிட்டு என் கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எனக்கு நிலம் மூணு ஏக்கர். எட்டு வருஷத்துக்கு முன் 45 குதிரைத் திறன் டிராக்டர் கடனில் வாங்கினேன். டில்லரே போதும் என்று என் மனைவி சொன்னாள். "டில்லர் வச்சிருக்கறவன்னு சொன்னா நாளைக்குப் பையனுக்குப் பொண்ணு கொடுப்பாங்களா?" என்றேன். பெரிய வண்டிக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, ஊரைச் சுற்றி வந்தேன். அந்த அம்மா உயரமான சீட்டில் உட்காரும்போது என்ன நினைப்பாரோ, அதையேதான் நானும் நினைத்தேன்.

டிராக்டர் கட்டுப்படியாக வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரமாவது ஓட வேண்டும் என்று பொறியாளர்கள் கணக்குச் சொல்வார்கள். என்னுடையது அதில் கால்வாசியும் ஓடவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆனால் நாட்டில் அதிகம் விற்பது 41 முதல் 50 குதிரைத் திறன் டிராக்டர்கள். சும்மா நின்றாலாவது பரவாயில்லை. ஈரம் காயாத மண்ணில் அந்தக் கனம் ஏறினால் உழவுக்குக் கீழே மண் இறுகிக் கடினத் தட்டாகிறது. வேர் இறங்காது, மழைநீர் இறங்காது. பிறகு அதை உடைக்க உளிக்கலப்பை, அதை இழுக்க இன்னும் பெரிய டிராக்டர்! டிராக்டர் உழும், சரி, சாணி போடுமா என்று குமரப்பா கேட்டதாக நம் கூட்டங்களில் சொல்லிச் சிரிப்போம். அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன் நான். டிராக்டர் வெளியே நின்றது.

நாலாம் வருஷம் தவணை கட்ட முடியாமல் விற்றேன். இப்போது நாலு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு பவர் டில்லர். பெரிய உழவு வேண்டும்போது வாடகை.

என்ன செய்யலாம்

வண்டிக்காரரைத் திட்டி ஒன்றும் ஆகாது. பயத்தையும் மரியாதையையும் திட்டி விரட்ட முடியாது. பாரிசில் 2024 பிப்ரவரியில் மக்களிடம் வாக்கெடுத்து, கனமான வண்டிகளுக்கு நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். அதே அக்டோபரில் நடைமுறைக்கும் வந்தது. நம் மாநிலத்தில் கார் ஆயுள் வரி விலையை வைத்துப் போடப்படுகிறது. எடையையும் உயரத்தையும் கணக்கில் எடுத்தால் என்ன? அந்தப் பணத்தில் பஸ்ஸும், நடக்க நடைபாதையும், சதுப்பு நிலத்துக்கு வழியும் செய்யட்டும். நம் பக்கம், வாடகை இயந்திர மையங்களில் சின்ன டிராக்டரும் டில்லரும் நேரத்துக்குக் கிடைக்கச் செய்யட்டும். உழவு தவறிப்போகும் என்ற பயம் போனால் பாதிப் பேர் சொந்தமாக வாங்க மாட்டோம்.

அதுவரைக்கும் நாங்கள் செய்யத் தொடங்கியது சின்னதுதான். போன மாதத்திலிருந்து குட்டியானையை ஒரே இடத்தில் நிறுத்துவதில்லை. மூணு தெருமுனையில் முக்கால் மணி நேரம் வீதம் நிறுத்துகிறோம். நேரத்தை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறோம். முதல் நாள் விற்பனை குறைந்தது, தம்பி முணுமுணுத்தான். மூணாவது முறை சரியாகிவிட்டது.

அந்த அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தே வந்தார். பெரிய வண்டி அவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது, மழைக்காலம் வருகிறதே. "வெயில் ஏர்றதுக்குள்ள வந்துடுங்க அண்ணா, இல்லன்னா திரும்ப வண்டியத்தான் எடுப்பேன்" என்றார். ஆறே முக்காலுக்கெல்லாம் அவர் தெருமுனையில் நிற்கிறோம்.