வெயிலுக்கும் ஒரு சட்டம் வேண்டும்

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக எழுந்து நிற்கும் கண்ணாடி மாளிகைகளை நவீன நாகரிகத்தின் சின்னமென வியப்போர் பலர். எனினும், குளிர்நாடுகளில் அருமையாய்க் கிடைக்கும் சூரிய வெப்பத்தைச் சிறைப்பிடிக்க உதவும் கண்ணாடிச் சுவரைக் கத்திரி வெயிலில் நிறுத்திவிட்டு, உள்ளே புகுந்த உஷ்ணத்தை விரட்ட நாளெல்லாம் குளிர்சாதன இயந்திரங்களை ஓட்டுவது வீண் விரயம் என்றே நாம் கருதுகிறோம்.

விஞ்ஞானத்தின் மீது நமக்கு விரோதமில்லை. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021-இல் முப்பரிமாண அச்சு இயந்திரத்தைக் கொண்டு 600 சதுர அடி வீடொன்று எழுப்பப்பட்டது. அந்நிறுவனமும் தில்லி ஐ.ஐ.டி.யும் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆராய்ந்துள்ள, சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமெண்டு, கரியமில வாயு வெளியேற்றத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் குறைக்க வல்லது. கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமானமோ, செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கை மிச்சப்படுத்துவதுடன், சுவரின் நடுவே விடும் வெற்றிடத்தால் வெப்பத்தையும் தடுக்கிறது. ஆரோவில்லில் அழுத்திய மண்கல்லால் மாடி வீடுகளே நிற்கின்றன. ஆகவே குறைபாடு அறிவில் இல்லை. அதை அனுஷ்டானத்துக்குக் கொணரும் சங்கற்பத்தில்தான் இருக்கிறது.

வாடகைக்கு வரும் கம்பெனிகள் கண்ணாடியையே விரும்புகின்றன என்பது கட்டுவோரின் சமாதானம். கட்டுபவர் ஒருவராகவும், மின்கட்டணம் செலுத்துபவர் வேறொருவராகவும், வெளியே தள்ளப்பட்ட அனலைத் தெருவில் நின்று சகிப்பவர் மூன்றாமவராகவும் இருக்கும் வரை, இந்தச் சமாதானம் செல்லுபடியாகிக்கொண்டேதான் இருக்கும். இத்தகைய இடத்தில் சர்க்காரின் தலையீடு அவசியமாகிறது.

2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டிடந்தோறும் கட்டாயமாக்கிய மாநிலம் இது. பெரிய வணிகக் கட்டிடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதிமுறையை மத்திய சர்க்கார் 2007-இலேயே வகுத்துவிட்டது. அவ்விதிமுறையைக் காகிதத்தில் உறங்கவிடாமல், சுவரும் கூரையும் சாளரமும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடும் என்ற கணக்கில்லாத வரைபடத்துக்குத் திட்ட அனுமதியும், அக்கணக்குப்படி அமையாத கட்டிடத்துக்கு நிறைவுச் சான்றிதழும் மறுக்கப்பட வேண்டும். பிறரைப் பணிக்குமுன், பொதுப்பணித் துறை தான் கட்டும் பள்ளிகளையும் அலுவலகங்களையும் நிழலும் காற்றோட்டமும் பொருந்த அமைத்துக் காட்டட்டும்.

மழைக்குச் சட்டம் செய்தவர்கள் வெயிலுக்கும் செய்ய வேண்டும்; அதை அடுத்த கோடைக்குள் செய்ய வேண்டும்.