கடனில் விளையாத ஆய்வு

செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் பெருகியதால், வழக்கொழியும் என்று கருதப்பட்ட காந்த வன்தட்டுக்கு மீண்டும் கிராக்கி வந்திருக்கிறது. சீகேட் நிறுவனம் 2024 ஜனவரியில் அறிவித்த 30 டெராபைட் வன்தட்டின் பதிவுப் பரப்பு, இரும்பும் பிளாட்டினமும் கலந்த நுண்மணிகளால் ஆனது. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இக்கலவையின் முன்கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2000-ஆம் ஆண்டில் ஐபிஎம் ஆய்வாளர்கள் ஷோஹெங் சன், கிறிஸ்டோபர் முர்ரே உள்ளிட்டோர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சுமார் 4 நானோமீட்டர் அளவுள்ள இரும்பு-பிளாட்டினத் துகள்களைக் கரைசலில் ஒரே அளவினவாக அவர்கள் உருவாக்கியிருந்தனர். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு துகளையும் ஒலியிக் அமிலம் முதலியவை (ஆலிவ் எண்ணெயில் உள்ள அதே அமிலம்தான்) போர்வைபோல் சூழ்ந்திருந்தன. திரவம் ஆவியானதும், பழக்கடையில் ஆரஞ்சுகளை அடுக்கியதுபோலத் துகள்கள் தாமாகவே வரிசையில் அமர்ந்தன. விலையுயர்ந்த செதுக்கு கருவிகள் இன்றி, ஒரு துகளுக்கு ஒரு பிட் தகவல் என்ற கனவு பிறந்தது.

அதைத் தடுத்தது வெப்பம். புதிதாக உருவான துகளின் காந்தத் திசை, அறை வெப்பத்திலேயே நிலைகொள்ளாமல் அலைபாயும். அதை நிலைநிறுத்த 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டில் போர்வை சிதையும். அண்டைத் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். எனவே, இன்றைய வன்தட்டுகளில் இக்கலவை, வெற்றிடத்தில் அணுக்களைத் தெறிக்கச் செய்து படியவைக்கும் முறையில்தான் பூசப்படுகிறது. ஐபிஎம் தன் வன்தட்டுத் தொழிலையே 2002-இல் ஹிட்டாச்சிக்கு விற்க உடன்பட்டது. பிரவுன் பல்கலைக்கழகம் சென்ற சன், அதே துகள் வேதியியலை எரிபொருள் கலன்களின் வினையூக்கி ஆய்வுக்குக் கொண்டுசென்றார்.

செலவு ஒருவருடையது, அறுவடை வேறிடத்தில். இதனாலேயே தனியார் நிறுவனங்கள் அடிப்படை ஆய்வில் போதிய முதலீடு செய்யமாட்டா என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1962-இல் வாதிட்டார்.

நம் மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதித் திட்டத்தை இந்தப் பின்னணியில் பார்க்கிறேன். ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பங்களுக்குத் தனியாருக்கு நீண்டகாலக் கடனும் பங்கு முதலீடும் தருவது அதன் நோக்கம். வரவேற்கத்தக்கதே. ஆனால், பலன் எங்கே போய்ச்சேரும் என்று தெரியாத ஆய்வுக்கு, வட்டியே இல்லாவிட்டாலும், எவர் கடன் வாங்குவார்? அதற்கு மானியமே வழி. மானியம் வழங்கவேண்டிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கோ, ஐந்தாண்டுகளுக்கான ரூ.50,000 கோடியில் பெரும்பகுதி அரசு அல்லாத மூலங்களிலிருந்து வரும் என்று 2023-இல் கணக்கிடப்பட்டது. ஆரோ சொன்னது சரியென்றால், அந்தக் கணக்கு எளிதில் நிறைவேறாது. குறையும் தொகையை நிதிநிலை அறிக்கையிலிருந்துதான் ஈடுசெய்தாக வேண்டும்.