ஹராருக்கு ஒரு துப்பட்டா போதும்

"முஸ்லிம் ஊரா? பொண்ணு தனியா போறியா?" இதுதான் முதல் கேள்வியா வரும். எத்தியோப்பியாவின் ஹரார், 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மதில் சூழ்ந்த நகரம், 82 மசூதிகள். அங்கே பெண்கள் கலர் கலரா முக்காடு போட்டு சந்தையில் வியாபாரம் பண்றாங்க.

நீங்களும் தோள், முழங்கால் மறையுற உடையும் ஒரு துப்பட்டாவும் எடுத்துக்கோங்க. திரே தவாவில் இறங்கி, வெளிச்சம் இருக்கும்போதே ஹரார் வந்துடுங்க. ராத்திரி கழுதைப்புலிக்குத் தீனி போடுறதைப் பார்க்கப் போனா, திரும்பி வர வண்டியை முன்னாடியே பேசிடுங்க. கேட்காம யாரையும் படம் எடுக்காதீங்க. கிளம்பும் முன் நாட்டு நிலவரத்தையும் பாருங்க.

இந்தக் கவனம் ராத்திரி பத்து மணிக்கு எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் வேணும். மதத்தின் பேரைக் கேட்டதும் வர்ற பயத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுட்டுப் போங்க.