20-க்கும் 28-க்கும் நடுவே விடுபட்டது

ஏ.சி.யை 20 டிகிரிக்குக் கீழேயோ 28-க்கு மேலேயோ வைக்க முடியாதபடி விதி வரப்போகிறது என்று மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் 2025 ஜூனில் அறிவித்தார். கீழ் எல்லையை வரவேற்கிறோம். 16-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று நம்பும் வாடிக்கையாளரிடம் வாதாடிக் களைத்தவர்கள் நாம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று பி.இ.இ. (மத்திய எரிசக்தித் திறன் பணியகம்) சொல்வதிலும் நமக்கு வழக்கில்லை.

ஆனால் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் பலர் 18-க்கு இறங்குவது குளிருக்காக அல்ல, பிசுபிசுப்பு தாங்காமல். 24 டிகிரியில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் டியூ பாயின்ட் 13. அதுவே 70 ஆனால் 18. தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். பல ஸோன் கொண்ட கட்டடங்களில் நிலைமை இன்னும் மோசம். ஒரு ஸோன் செட்பாயின்ட்டைத் தொட்டதும் காயிலுக்கு கேஸ் நிற்கிறது, ஃபேன் நிற்பதில்லை. காயிலில் ஒட்டியிருந்த நீர் மறுபடி அறைக்கே ஆவியாகிறது. ஃபிரெஷ் ஏர் வேறு வெளி ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ரிட்டர்ன் பக்கம் இருக்கும் சென்சார் 'எல்லாம் சரி' என்கிறது.

2020 ஜனவரியில் 24 டிகிரி டீஃபால்ட் வந்தபோதே இதை எழுதினோம். அதற்கு முன்பும் எழுதினோம். காதில் வாங்க ஆளில்லை. ஸ்டார் லேபிளுக்கான சோதனையில் உள்ளே உலர் குமிழ் 27, ஈரக் குமிழ் 19. கணக்கில் வருவது மொத்தக் குளிர்விப்புத் திறன். அதில் ஈரத்தை இழுத்த பங்கு எவ்வளவு என்பதை லேபிள் காட்டுவதில்லை. ஜெய்சல்மேருக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஒரே லேபிள், இனி ஒரே எல்லை. விதி எழுதுகிறவர்கள் ஒரு ஆகஸ்ட் மாதத்தை நம் கடற்கரையில் கழித்திருந்தால் இப்படி எழுதுவார்களா? அவர்கள் விட்டதற்குப் பதில் சொல்லப்போவது நம் டெக்னீஷியன்தான். 'கேஸ் போயிடுச்சு' என்று போன் வரும். நல்ல மெஷினில் தேவையில்லாமல் கேஸ் ஏற்றப்படும்.

அமெரிக்க ஏ.சி. பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 62.1 தரநிலையின் 2019 பதிப்பு, கட்டடத்துக்குள் டியூ பாயின்ட் 15 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. இறுதி அறிவிக்கையில் பி.இ.இ. அதே வரம்பை வணிகக் கட்டடங்களுக்குச் சேர்க்க வேண்டும்; ஸோனுக்கு ஒரு ஈரப்பத சென்சாரையும் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம்: தெர்மோ-ஆஃபில் ஃபேன் நிற்கும்படி செட்டிங்கை மாற்றுங்கள், ஃபிரெஷ் ஏரைத் தனி யூனிட்டில் உலர்த்தி அனுப்புங்கள், கமிஷனிங் அறிக்கையில் ஒவ்வொரு ஸோனின் ஈரப்பதத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.