சங்கிலி தொங்குவதற்கு அல்ல, தாங்குவதற்கு



வேலை நாளில் விடிகாலையில் பாரிட் புந்தாரிலிருந்து நிபோங் தெபால் பக்கம் போகிற சாலையைக் கவனித்திருப்பீர்கள். கிரியான் ஆற்றைத் தாண்டினால் பினாங்கு. தொழிற்சாலை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் வரிசை கட்டிப் போவார்கள். அதே சாலைகளில்தான் கோலா குராவ், தஞ்சோங் பியாண்டாங் பக்கம் படகு ஏற்றிய டிரெய்லர் போகிறது. பாசார் மாலாமுக்கு உணவுக்கடை டிரெய்லர் போகிறது. திருவிழா வந்தால் ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்கு ரதமும் போகிறது.

அந்த டிரெய்லர் ஓடும்போது கழன்றுகொண்டால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியிலிருந்து கழன்ற டிரெய்லர் எதன் மீதாவது மோதினால், அந்த அடி சுமார் 25 மீட்டர் உயரத்திலிருந்து அதைக் கீழே போட்டதற்குச் சமம். எட்டு மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு பிரேக் பிடிக்கவும் ஆள் இல்லை, திருப்பவும் ஆள் இல்லை. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். பின்னால் வருவது யார் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

அதைத் தடுக்கத்தான் பாதுகாப்புச் சங்கிலி. ஆனால் பல இடங்களில் இப்படித்தான் பேச்சு நடக்கிறது:

“அண்ணே, சங்கிலி போட்டாச்சா?”

“போட்டிருக்கேன் தம்பி, பம்பர்ல மாட்டியிருக்கு.”

பம்பரில் மாட்டிய சங்கிலி இருந்தும் இல்லாததுபோல்தான். டிரெய்லர் இழுக்கிற இழுப்பில் பம்பரே கையோடு வந்துவிடும். சங்கிலியை இழுவைக் கம்பியின் சட்டத்தில், அதற்கென்றே வைத்திருக்கும் துளையில் மாட்ட வேண்டும். டிரெய்லரைத் தாங்கும் உருண்டையிலோ அதன் கழுத்திலோ சுற்றக் கூடாது. உருண்டை உடைந்தால் சங்கிலியும் சேர்ந்தே போய்விடும்.

இரண்டு சங்கிலி இருந்தால் குறுக்காக மாட்டுங்கள். இடப்பக்கச் சங்கிலி வண்டியின் வலப்பக்கத்துக்கு, வலப்பக்கச் சங்கிலி இடப்பக்கத்துக்கு. டிரெய்லரின் மூக்குக்குக் கீழே அது தொட்டில்போல அமையும். பிடி கழன்றால் மூக்கு அந்தத் தொட்டிலில் விழும். நேராக மாட்டியிருந்தால் மூக்கு தார்ச்சாலையில் குத்தும், டிரெய்லர் குட்டிக்கரணம் போடவும் வாய்ப்புண்டு.

நீளமும் முக்கியம். வளைவில் திரும்பும்போது இறுகாத அளவுக்குத் தளர்வு வேண்டும். சாலையில் உரசும் அளவுக்குத் தொங்கக் கூடாது. உரசி உரசி வளையம் தேய்ந்துவிடும். நீளமாக இருக்கிறதே என்று முடிச்சுப் போடுவதும், முறுக்கிக் குறைப்பதும் சங்கிலியின் பலத்தைக் குறைக்கும். பட்டறையில் சரியான நீளத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கொக்கியைக் கீழிருந்து மேலாக மாட்டினால் குழியில் குதிக்கும்போது எகிறிக் கழலாது. பூட்டு நாக்கு உள்ள கொக்கியாக இருக்கட்டும். சங்கிலி, கொக்கி எல்லாம் சரக்கோடு சேர்ந்த டிரெய்லரின் மொத்த எடையைத் தாங்க வேண்டும். வீட்டு கேட்டுக்கு வாங்கிய சங்கிலி கேட்டுக்கு மட்டும்தான். படகு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் சங்கிலியைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். துரு ஏறிய வளையத்தைச் சாயம் பூசி மறைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

சங்கிலி கடைசிக் காவல். முதல் காவல் உருண்டையும் அதைக் கவ்வும் பிடியும். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் பிடியை அதைவிடச் சிறிய உருண்டையில் மாட்டினால் பார்க்கப் பொருந்தியதுபோல் இருக்கும், ஒரு மேடு ஏறி இறங்கியதும் கழன்றுவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. பூட்டியபின் டிரெய்லரின் ஜாக்கியைச் சுற்றி மூக்கை உயர்த்துங்கள். காரின் பின்பகுதியும் சேர்ந்து உயர்ந்தால் பிடி சரி. மூக்கு மட்டும் தனியாக எழும்பினால் மறுபடி பூட்டுங்கள்.

மற்ற நாடுகளில் இதை ஓட்டுநரின் விருப்பத்துக்கு விடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் மொத்த எடை 2.5 டன் வரையுள்ள சாதாரண டிரெய்லருக்குக் குறைந்தது ஒரு சங்கிலி, அதற்கு மேல் போனால் இரண்டு. பிரிட்டனில் பிரேக் உள்ள டிரெய்லர்களுக்கு மெல்லிய கம்பிவடம் ஒன்றை மாட்டுகிறார்கள். டிரெய்லர் கழன்றால் அது முதலில் டிரெய்லரின் பிரேக்கை இழுத்துவிட்டு, பிறகுதான் அறும். நம் ஊரில் டிரெய்லர் வாங்குவதற்கும் செய்வதற்கும் முன், பதிவு, சோதனை பற்றி ஜேபிஜேயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு நடுச்சாலையில் கழன்றே விட்டால்? பதறி பிரேக்கை மிதிக்காதீர்கள். சங்கிலியில் தொங்கும் டிரெய்லர் உங்கள் காரின் பின்னால் வந்து இடிக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், எண்ணெய் மிதிப்பதை மெல்ல விடுங்கள், அவசர விளக்கைப் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். டிரெய்லர் ஓடாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தபின் மற்றதைப் பாருங்கள்.

இத்தனையையும் சரிபார்க்க இரண்டு மூன்று நிமிடம் போதும். ஓட்டுகிறவர் பூட்டட்டும், கூட வருகிறவர் ஒருமுறை குனிந்து பார்க்கட்டும். மனைவி பார்த்தாலும் சரி, மகன் பார்த்தாலும் சரி. “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அந்தச் சங்கிலியைப் பார்க்க வாய்ப்பில்லை. அவருக்காக நாம்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.