தூண்டில் போடுகிறவனே ஆற்றுக்குக் காவல்காரன்!

தூண்டிலைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் ஆற்றங்கரையில் நிற்கிறவனைப் பார்த்தால் சிலருக்குச் சிரிப்பு வரும். "வேலை இல்லாதவன்" என்பார்கள். "வாயில்லாப் பிராணியை வதைக்கிறான்" என்று கோபிப்பவர்களும் உண்டு.

நான் அப்படி நினைக்கவில்லை. சின்ன ஆற்றில் தூண்டில் போடுகிறவன், அந்த ஆற்றுக்குச் சம்பளம் வாங்காத காவல்காரன் என்பது என் கருத்து.

இதற்குச் சாட்சி லண்டன் நகரத்தில் இருக்கிறது. அந்த ஆற்றின் பெயர் வாண்டில்.

ஒன்பது மைல் ஆறு

தேம்ஸ் நதியை எல்லோருக்கும் தெரியும். வாண்டிலைத் தெரிந்தவர்கள் குறைவு. தெற்கு லண்டனில் கிராய்டன், கார்ஷால்டன் பக்கம் ஊற்றாகப் பிறக்கிறது. வாண்ட்ஸ்வொர்த் என்ற இடத்தில் தேம்ஸ் நதியில் கலக்கிறது. மொத்த நீளம் ஏறக்குறைய 9 மைல்தான். காலையில் புறப்பட்டால், மாலைக்குள் ஆறு முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம்.

அந்தப் பக்கத்தில் பூமிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. அது மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பிறகு வடிகட்டி, ஊற்றாக வெளியே விடுகிறது. அதனால் ஊற்றுத் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். கோடையிலும் குளுகுளு என்று இருக்கும்.

இப்படிப்பட்ட தண்ணீர்தான் டிரவுட் மீனுக்குப் பிடித்த தண்ணீர்.

சேறு பட்டால் சாவு

டிரவுட், சால்மன் மீனுக்கு உறவு. பழுப்பு நிற உடம்பு. அதில் கறுப்புப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் இருக்கும். பார்க்க அழகான மீன். ஆனால் எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும் மீன் அல்ல.

அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். தண்ணீரில் காற்று நிறையக் கலந்திருக்க வேண்டும். அடியில் சுத்தமான கூழாங்கல் வேண்டும். குளிர்காலத்தில் பெண் மீன் வாலால் கற்களைத் தள்ளிக் குழி பறிக்கும். அதில் முட்டை இட்டு, மறுபடியும் கற்களால் மூடும். கல் இடுக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டை பிழைக்கும். சேறு படிந்தால் முட்டை மூச்சு முட்டிச் செத்துவிடும்.

ஆகவே, ஓர் ஆற்றில் டிரவுட் குஞ்சு பொரிக்கிறது என்றால், அந்த ஆறு நல்ல ஆறு என்று அர்த்தம். இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் வேண்டியதில்லை.

ஒரு கை வீரர்

ஒரு காலத்தில் வாண்டில், டிரவுட்டுக்குப் பேர்போன ஆறு. கடற்படைத் தளபதி நெல்சன் 1797-இல் போரில் வலது கையை இழந்தவர். 1801-இல் வாண்டில் பாயும் மெர்ட்டனில் வீடு வாங்கினார். இடது கையால் தூண்டில் பிடித்து அந்த ஆற்றில் மீன் பிடித்தார்.

இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சியைத் தண்ணீரின் மேல் மிதக்க விட்டு டிரவுட் பிடிப்பது ஒரு கலை. அந்தக் கலைக்கு 1886-இல் புத்தகம் எழுதிப் புகழ் பெற்றவர் ஹால்ஃபோர்ட். அவரும் வாண்டிலில் பழகியவர்தான்.

ஆனால் அதே ஆற்றின் கரையில் ஆலைகளும் பெருகின. மாவு ஆலை, காகித ஆலை, மூக்குப்பொடி ஆலை, சீட்டித் துணி அச்சடிக்கும் பட்டறை, தோல் பதனிடும் ஆலை என்று வரிசையாக வந்தன. எல்லாம் ஆற்றுத் தண்ணீரை எடுத்தன. கழிவை ஆற்றிலேயே விட்டன. ஊரும் வளர்ந்தது. ஊர்ச் சாக்கடையும் ஆற்றில் கலந்தது.

வசதி உள்ள தூண்டில்காரர்கள் என்ன செய்தார்கள்? வேறு நல்ல ஆற்றைத் தேடிப் போனார்கள். ஹால்ஃபோர்டும் பிற்காலத்தில் டெஸ்ட் என்ற ஆற்றுக்குப் போய்விட்டார்.

1930-களுக்குப் பிறகு வாண்டிலில் டிரவுட் இல்லை. 1960-களில் அதிகாரிகளே அதைச் சாக்கடை என்று எழுதிவிட்டார்கள். தோல் ஆலையில் அன்றைக்கு என்ன சாயமோ, அதுவே அன்றைக்கு ஆற்றின் நிறம்!

குளிர்பெட்டியில் குஞ்சு

செத்த ஆறு மறுபடியும் எப்படிப் பிழைத்தது?

முதலில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் முறை திருந்தியது. பல ஆலைகள் மூடப்பட்டன. தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் அதோடு டிரவுட் தானாக வந்துவிடவில்லை.

2000-ஆம் ஆண்டில், அக்கம்பக்கத்துத் தூண்டில்காரர்களும் பொதுமக்களும் சேர்ந்து ஆற்றில் இறங்கினார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றில் கிடக்கும் குப்பையை அள்ளுவது என்று வைத்துக்கொண்டார்கள். கடைத் தள்ளுவண்டி, டயர், மெத்தை, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஆற்றிலிருந்து வந்தன.

பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பறையில் குளிரூட்டிய தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். அதில் டிரவுட் முட்டையைப் போட்டார்கள். முட்டை பொரிந்து குஞ்சு வருவதைப் பிள்ளைகள் தினமும் பார்த்தார்கள். வசந்த காலத்தில் தங்கள் கையாலேயே குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். தான் வளர்த்த மீன் ஓடும் ஆற்றில் எந்தப் பிள்ளை குப்பை போடும்?

மீன் மேலேறிச் செல்லத் தடையாக இருந்த சில தடுப்புகளைத் தாழ்த்தினார்கள். கூழாங்கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கடைசியில், யாரும் கொண்டுவந்து விடாமலேயே டிரவுட் அந்த ஆற்றில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது.

ஒரே நாளில் வீண்

நடுவில் ஒரு பேரிடி விழுந்தது. 2007 செப்டம்பரில், பெடிங்டன் கழிவுநீர் நிலையத்திலிருந்து வெளுப்பு மருந்து ஆற்றில் கலந்துவிட்டது. நிலையத்தின் வடிகட்டிகளைக் கழுவ வைத்திருந்த மருந்து அது. ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் பாழாயிற்று.

நிலையத்தை நடத்திய தேம்ஸ் வாட்டர் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. கோர்ட்டு 1,25,000 பவுண்டு அபராதம் போட்டது. 2010-இல் அப்பீலில் அது 50,000 பவுண்டாகக் குறைந்தது. ஆற்றைச் சீர்படுத்தவும் கம்பெனி பணம் கொடுத்தது.

அவ்வளவு பெரிய கம்பெனிக்கு 50,000 பவுண்டு ஒரு பணமா? அபராதத்துக்குப் பயந்து ஆறு பிழைக்காது. கரையில் கண் இருந்தால்தான் பிழைக்கும்.

கல்லைப் புரட்டும் கண்

அந்தக் கண் தூண்டில்காரனுக்கு இருக்கிறது. டிரவுட் என்ன பூச்சியைத் தின்கிறது என்று தெரியாவிட்டால் அவனுக்கு மீன் கிடைக்காது. அதனால் ஆற்றுக் கல்லைப் புரட்டிப் பார்க்கிறான். அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைக் கவனிக்கிறான். தண்ணீரில் விஷம் கலந்தால், மீனுக்கு முன்னாலேயே இந்தப் பூச்சிகள் குறைந்துவிடும்.

இங்கிலாந்தில் 2007 முதல் இதையே ஒரு முறையான காவலாக ஆக்கியிருக்கிறார்கள். தூண்டில்காரர்கள் மாதந்தோறும் ஆற்றில் வலை வைத்துப் பூச்சிகளை எண்ணுகிறார்கள். கணக்கு ஓர் அளவுக்குக் கீழே போனால், உடனே அதிகாரிகளுக்குச் சொல்கிறார்கள். சம்பளம் கிடையாது.

கோர்ட்டுக்குப் போகவும் அவர்கள் தயங்கியதில்லை. 1948-இல் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் தூண்டில்காரர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அந்த நாட்டில் ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை ஒரு சொத்து. ஆற்றைக் கெடுப்பது சொத்தைக் கெடுப்பது.

இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, டெர்பி ஊரின் தூண்டில் சங்கம் ஒரு பெரிய ஆலைமீதும், மின்சார வாரியத்தின்மீதும், நகரசபைமீதும் வழக்குப் போட்டது. ஜனத்தொகை பெருகிவிட்டதால் கழிவுநீர் நிலையம் போதவில்லை என்று நகரசபை வாதாடியது. கோர்ட்டு அதை ஏற்கவில்லை. 1952-இல் தூண்டில் சங்கமே ஜெயித்தது!

கொடுமை இல்லையா?

"எல்லாம் சரி. முள்ளை விழுங்கும் மீனுக்கு வலிக்காதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

மீனுக்குத் துன்பமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் துன்பத்தைக் குறைக்க வழி இருக்கிறது. வாண்டிலில் டிரவுட் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் அதைத் திரும்ப ஆற்றிலேயே விடுகிறார்கள். எதிர்முள் இல்லாத கொக்கியை வைத்தால், வாயைக் கிழிக்காமல் கழற்றிவிடலாம். முட்டையிடும் குளிர்காலத்தில் டிரவுட் பிடிக்கத் தடை உண்டு. 13 வயதோ அதற்கு மேலோ ஆன எவரும் லைசென்ஸ் இல்லாமல் தூண்டில் போடக் கூடாது.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். வாண்டிலில் டிரவுட் இனத்தையே அழித்தது தூண்டில் அல்ல. சாயமும் சாக்கடையும்தான். தூண்டில் பிடித்த கை ஒரு மீனைப் பிடிக்கும், விட்டும் விடும். குழாய் வழியாக வரும் விஷம் எந்த மீனையும் விடாது.

விட்டுப் போகாதவர்கள்

வாண்டிலின் ஆபத்து இன்னும் தீரவில்லை. மழை பெய்தால் சாலையில் கிடக்கும் எண்ணெயும் அழுக்கும் ஆற்றுக்குத்தான் போகின்றன. சுத்தம் செய்த கழிவுநீரும் ஆற்றில் ஒரு பெரும் பங்கு ஓடுகிறது. ஒரு நாள் கவனம் தவறினால், 2007 திரும்பி வரலாம்.

அந்தக் காலத்து வசதிக்காரர்கள், ஆறு கெட்டதும் வேறு ஆற்றுக்குப் போனார்கள். ஆற்றை மீட்டவர்கள், வேறு ஆற்றுக்குப் போகாமல் தங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் ஆற்றிலேயே இறங்கியவர்கள். நிபுணர்களின் உதவி அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் முதலில் இறங்கிய கால் அவர்களுடையது.

ஆகவே, ஆற்றங்கரையில் தூண்டிலோடு ஒருவன் நிற்பதைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். அவனைத் துரத்தவும் வேண்டாம். பக்கத்தில் போய், "தண்ணீர் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். முடிந்தால் உங்கள் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். அந்த ஆற்றைப்பற்றி அவனைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.